குடோனுக்குப் பால் காய்ச்சிய அன்று

ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்தேன். மயிலுக்குக் கழுத்துவரை ஜரிகை ஏறியிருந்தது, தோகைதான் பாக்கி. அப்போது போனில் வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். எனக்கு வாடகை வந்திருந்தது. நான் கொடுக்க வேண்டிய வாடகை இல்லை சாமி, எனக்கு வந்த வாடகை!

ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு முன்னறைக்கு ஓடினேன். என் கணவர் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃபவுண்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். உருக்கிய இரும்பை வருஷக்கணக்காகப் பார்த்ததாலோ என்னவோ, வேறு எதற்கும் பதறமாட்டார்.

"ஏனுங்க, நமக்கு வாடக வந்திருச்சுங்க!"

"குடுக்கற தேதி இன்னும் வரலியே" என்றார், பேப்பரை மடிக்காமல்.

"குடுக்கறதில்லீங்க, வந்தது! குடோன் வாடக!"

"எவ்ளோ?"

சொன்னேன். கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "ரெண்டு பேரும் நெய் ரோஸ்ட் தின்னு, காப்பி குடிச்சுப்போட்டு, ஆட்டோவுல திரும்பி வரலாம்."

"வரலாமல்ல? அப்பறம் என்ன, சட்டயப் போடுங்க!"

போனோம். நெய் ரோஸ்ட் வந்ததும் நான் சர்வரிடம், "இது எங்க வாடகக் காசுங்க" என்றேன். அந்தப் பையன் என்ன நினைத்தானோ, சட்னி ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனான். என் கணவர் அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும், எனக்கென்ன.

கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு வாடகை வீடுதான். பீளமேடு, கணபதி, பிறகு இந்த ஆர்.எஸ்.புரம் மாடிப் போர்ஷன். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஓனரம்மா, ஒவ்வொரு ஓனரம்மாவுக்கும் தனிச் சட்டம். ஒருவர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். இன்னொருவர், மாடியில் நடந்தால் கீழே தலை வலிக்கிறது என்பார். அப்போது நாங்கள் பறக்கவா முடியும்? இப்போதைய அம்மா நல்ல மனுஷிதான், ஆனால் நம் வீட்டுக்கு ஒரம்பரை வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டால் மறுநாள் தண்ணி மோட்டார் ஓடாது. விருந்தாளிகள் குளிக்காமலே ஊருக்குப் போவார்கள். மகள் படிப்பு, அவள் கல்யாணம், மாமியாருக்கு ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்ததில் சொந்த வீடு என்ற பேச்சு அப்படியே தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

இந்தக் குடோன் விஷயத்தை எனக்குச் சொன்னது என்னிடம் ரவிக்கை தைக்க வரும் ஒரு பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் பாட்டுக்குச் சொன்னாள். பெரிய பெரிய கட்டடங்களைச் சின்னச் சின்னப் பங்காக்கி விற்கிறார்களாம். போனிலேயே வாங்கலாம். பங்கு எவ்வளவோ அதற்குத் தக்க வாடகை வந்துகொண்டிருக்கும். வேண்டாமென்றால் இன்னொருவருக்கு விற்றுவிடலாம்.

"ஆட்டுக்கறி கூறு போடற மாதிரியாம்மிணி?" என்றேன். எங்கள் பக்கம் பண்டிகை, நோம்பி என்று வந்தால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி, வெட்டி, வாழையிலையில் கூறு கூறாக வைத்து எடுத்துக்கொள்வோம்.

"அதேதாங்க்கா. ஆனா ஆடு உசுரோடவே இருக்கும்" என்றாள்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவள் போனில் காட்டிய கட்டடங்களைப் பார்த்தேன். ஹைதராபாத்தில் கண்ணாடி ஆபீஸ், புனேயில் ஏதோ ஒரு மால். தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றேன். பெருந்துறை பக்கம் ஒரு குடோன். ஆன்லைனில் சாமான் விற்கிறவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நீலக் கூரை, வெள்ளைச் சுவர், முன்னால் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. "இதேதான்" என்றேன். மற்றதில் வாடகை கொஞ்சம் கூடுதலாக வரும் என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். நான் காதிலேயே வாங்கவில்லை. சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே அதில் போயிற்று.

ஏன் பெருந்துறை என்றால், என் அண்ணனால்.

நான் பிறந்தது சென்னிமலைப் பக்கம். பெருந்துறையிலிருந்து வண்டியில் போனால் காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம். அப்பா போன பிறகு தோட்டம் முழுவதும் அண்ணன் பேருக்கு ஆக நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கம் பெண்கள் அப்படித்தான் போடுவார்கள். அழுதுகொண்டு ஒன்றும் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் போட்டேன். "எனக்குக் காடு வேண்டாங்ணா, சீரு மட்டும் நிறுத்திப்போடாதீங்க" என்றேன். அண்ணன் அந்தப் பத்திர ஆபீஸ் வாசலிலேயே நின்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "நீ ஊடு கட்டி புண்ணியார்ச்சன வெய்யி கண்ணு. வண்டி நெறையாச் சீரு கொண்டாந்து உன்ற வாசல்ல எறக்கறனா இல்லியா பாரு."

புண்ணியார்ச்சனை என்று புதுவீட்டில் பால் காய்ச்சும்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரவேண்டும். அண்டாவும் குத்துவிளக்கும் வாழைத்தாரும் சேலையும் மேளத்தோடு வாசலில் வந்து இறங்கவேண்டும். அதில்தான் இருக்கிறது அவளுக்கு இன்னும் பின்னால் ஆட்கள் உண்டா என்பது. என்னோடு படித்தவர்கள், என் நாத்தனார், கீழ்வீட்டுக்காரி, எல்லாருக்கும் வந்ததை நான் பார்த்தாயிற்று. போகிற இடத்திலெல்லாம் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். எனக்கு வரவில்லை, ஏனென்றால் எனக்கு வாசல் இல்லை. அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன வருஷம் நெஞ்சில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். அவர் கையால் ஒரு தரம் சீர் வாங்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில்தான் குடோன் படத்தைப் பார்த்ததும் எனக்கு அப்படித் தலைகால் தெரியாமல் போயிற்று.

நெய் ரோஸ்ட் தின்று வீடு திரும்பிய கையோடு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நானும் ஊடு வாங்கிப்போட்டேனுங்ணா!"

"அட்றா சக்க! எங்க கண்ணு?"

"உங்க பக்கத்துலதானுங்ணா, பெருந்துறைல!"

"எத்தன செண்டு?"

இங்கேதான் கொஞ்சம் தடுமாறினேன். "செண்டுக் கணக்கில்லீங்ணா. பங்கு."

"யாரு கூடப் பங்கு?"

"தெரியலீங்ணா. ஏகப்பட்ட பேரு இருப்பாங்க."

அந்தப் பக்கம் டீவியை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மிணி, வெய்யிலு எச்சா இருக்குது. கொஞ்சம் மோரு குடிச்சுப்போட்டுப் பேசு" என்றார்.

விடுவேனா நான்? எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! ஊடு என்றால் அடுப்பு இருக்கவேண்டுமே, அடுப்பு இருக்குதா என்றார். அடுப்பு இல்லீங்ணா, அட்டைப்பெட்டிதான் இருக்குது என்றேன். சாமி ரூம் என்றார். லாரி நிறுத்த இடம் இருக்குதுங்ணா என்றேன். கடைசியில், "செரி, உன்ற பங்கு எந்த மூலைல இருக்குது, அதயாவது சொல்லு" என்றார்.

"எல்லா மூலைலயும் துளித்துளி இருக்குதுங்ணா."

"துளித்துளியா இருக்கறதுக்கு நான் எங்க கொண்டாந்து அண்டாவ எறக்கறது? நாலு சனம் வாயால சிரிக்குமா? அது ஊடில்ல அம்மிணி, குடோனு. குடோனுக்குச் சீரு வெச்சவன் இந்தச் சீமைலயே எவனுமில்ல."

"அப்பச் சீரே வெக்க வேண்டாம் உடுங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

நான் கோபக்காரி. எங்கள் தெருவுக்கே தெரியும். கோபம் வந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவேன், அன்றைக்குக் கையில் கிடைத்தது போன். காடு தோட்டமென்றால் கோபத்தில் விற்க முடியுமா? புரோக்கர், வில்லங்கம், அட்வான்ஸ், பத்திர ஆபீஸ் என்று அலைவதற்குள் கோபமே மறந்துபோகும். இதற்குக் கட்டைவிரல் போதும். மிக்சியில் சாயங்காலத் தோசைக்குத் தேங்காய்ச் சட்னி ஓடிக்கொண்டிருந்தது. 'விற்க' என்பதை அமுக்கினேன். நிஜமாகவா என்று கேட்டது. நிஜமாகத்தான் என்று அமுக்கினேன். சட்னியைத் தாளித்துக் கிண்ணத்தில் ஊற்றுவதற்குள் எவனோ வாங்கிவிட்டான்.

"லாபமா, நஷ்டமா?" என்றார் கணவர், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

"லாபந்தான். கொஞ்சம்."

"அப்பறம் எதுக்கு அழுகறே?"

"வெங்காயம்" என்றேன். சட்னியில் வெங்காயமே இல்லை.

எப்படியிருந்தது தெரியுமா? வீடு எரிந்துபோனவள்போல உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் மயில்தோகையில் பச்சைக்குப் பதில் சிவப்பு மணி வைத்துவிட்டேன். பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "கண்ணு, என்ற பங்க எவனோ வாங்கிட்டுப் போய்ட்டான், அவன் யாருன்னு கண்டுபுடிச்சுத் திருப்பி வாங்கிக் குடு" என்றேன்.

"அம்மா, அதேதான் வேணும்னு இல்லம்மா. எல்லாப் பங்கும் ஒண்ணுதான். யாராவது வித்தா வாங்கிக்கலாம்."

"அதெப்படி? அதுக்கு வாடகையெல்லாம் வந்துச்சு கண்ணு, நல்லா ராசியான பங்கு."

மகள் சிரித்த சிரிப்பில் அவள் ஆபீஸே திரும்பிப் பார்த்திருக்கும். பொறுத்திருந்து, விற்பனைக்கு வந்ததும் இன்னொன்றை வாங்கினேன். அதற்குள் விலை ஏறிவிட்டது. வந்த லாபமும் போய், கைக்காசும் கொஞ்சம் போனது. போகட்டும், கெரகம்! மறுபடியும் அந்த நீலக் கூரைப் படம் என் போனில் வந்ததும் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். கீழே ஓனரம்மாவுக்குத் தலை வலித்திருக்கும். வலிக்கட்டும், நானும் ஓனர்தான்!

ஆடி முடித்த மூச்சிரைப்பிலேயே முடிவு செய்துவிட்டேன். சீர் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே பால் காய்ச்சியே தீர்வது.

பங்கு விற்கும் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக, என்ன உதவி வேண்டும் என்றது.

"ஏனுங்க, எங்க கட்டடத்துல பால் காய்ச்சோணுங்க. எப்ப வரட்டுங்க?"

"மேடம்... பால்?"

"பாலுதானுங்க. பசும்பாலு. நாங்களே கொண்டாந்திருவோம், நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்" என்று பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து, மறுபடியும் தொடங்கி, அதுவும் முடிந்தது. பிறகு பேசியது ஓர் ஆண் குரல். அவருக்கும் சொன்னேன். அவர் யாரையோ கேட்டார், அவர் இன்னும் யாரையோ கேட்டிருக்கவேண்டும். கடைசியில் பதில் வந்தது. பங்குதாரர்கள் இடத்தைப் பார்வையிட ஒரு நாள் தரலாம். காம்பவுண்டுக்குள் நெருப்பு மட்டும் கூடவே கூடாது. கேட்டுக்கு வெளியே நாங்கள் என்ன செய்தாலும் அவர்களுக்குச் சம்பந்தமில்லை. அது போதாதா எனக்கு!

அண்ணனுக்கு நான் பேசவில்லை. நங்கையிடம் மட்டும் நாளையும் நேரத்தையும் சொன்னேன். நங்கை என்றால் அண்ணன் மனைவி, எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"உங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மிணி. ஒண்ணும் வாயே தொறக்க மாட்டீங்கறாரு. மறுக்காக் கேட்டா டீவிச் சத்தத்த எச்சுப் பண்றாரு" என்றார் நங்கை.

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் நங்க. நானொண்ணும் காத்துக்கிட்டு இல்ல" என்றேன். பொய். ஆரத்தித் தட்டைத் துலக்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியாகக் கட்டி, பைக்குள் முதலில் வைத்ததே அதைத்தான்.

பெங்களூரிலிருந்து மகள் வந்துவிட்டாள். விடிந்ததும் வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினோம். அவிநாசி தாண்டும்வரை நான் வாய் மூடவில்லை. அதற்குப் பிறகு ரோட்டில் போகும் ஒவ்வொரு குட்டியானை வேனையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றில் கோழிக்கூண்டு இருந்தது, இன்னொன்றில் தண்ணி கேன். சீர் ஏற்றிய வண்டி ஒன்றுகூட இல்லை.

குடோனைப் பார்த்ததும், அடங்கொப்புரானே! படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. இந்த முனையில் நின்றால் அந்த முனை வெயிலில் கலங்கித் தெரிகிறது. லாரிகள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. நான் காரை விட்டு இறங்கி, கேட்டுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றேன். என் கணவர் பக்கத்தில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "இதுல ஒரு ஜன்னலாச்சும் நம்முளுதா இருக்குமா?" என்றார்.

"ஜன்னலே இல்லீங்க அதுல."

"அப்பத் தொடைக்கிற வேல மிச்சம்" என்றார். எதற்கும் பதறாத மனிதர் அன்றைக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி நம் பக்கத்து ஆள்தான். கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருந்த பாஸைப் பார்த்தார், என் கையில் இருந்த பித்தளைப் பானையைப் பார்த்தார், மகள் கையில் இருந்த ஒற்றை அடுப்பைப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, இதென்னங்க?" என்றார்.

"புண்ணியார்ச்சனைங்க. நானும் இதுக்கு ஓனருங்க."

அவர் திரும்பிக் கட்டடத்தை ஒருதரம் முழுதாகப் பார்த்துவிட்டு, பிறகு என்னையும் முழுதாகப் பார்த்தார். "செரீங்க" என்றார். என்ன நல்ல மனுஷன்! கேட்டுக்கு முன்னால் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லி, காற்றுக்குத் தடுப்பாக ரோட்டை மறிக்கும் இரும்புத் தடுப்பை அவரே இழுத்துவந்து வைத்தார். மஞ்சள் கிழங்கு கட்டிய பானையை அடுப்பில் ஏற்றி, பாலை ஊற்றி, கற்பூரம் காட்டினோம். மகள் கேட்டுக் கம்பியில் மாவிலை கட்டினாள். ஒரு லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டு கை கூப்பிவிட்டுப் போனார்.

எல்லாம் இருந்தது. அண்ணன்தான் வரவில்லை.

பால் ஓரத்தில் கொதித்து வந்தது. நான் அடுப்பைக் குறைத்தேன். பால் அடங்கியது. ரோட்டைப் பார்த்தேன். மறுபடியும் பால் மேலே வந்தது, மறுபடியும் குறைத்தேன்.

"ஏம்மிணி, பொங்க உடு, நல்ல நேரம் போகுது" என்றார் கணவர்.

"பால் இன்னும் சூடாகலீங்க."

"ஆவி பறக்குதே?"

"அது காத்துங்க."

அண்ணன் போனுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தேன். நங்கையும் எடுக்கவில்லை. ரோட்டில் ஒரு குட்டியானை திரும்பியது. நான் நுனிக்காலில் எம்பினேன். பக்கத்தில் வந்த பிறகு பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலி. செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் வரோணுமுங்களா?" என்றார்.

"இல்லீங்க, யாருமில்ல" என்று சொல்லிவிட்டுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை சந்தோஷமாக வந்தேனே, என்ன பண்ணுவது? அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. ஊரெல்லாம் சிரிக்கும் என்று பயந்த மனுஷன். அவர் சொன்னதிலும் என்ன தப்பு, அடுப்பில்லாத வீடுதானே இது. ஆனாலும் எனக்கு இதைவிட்டால் வேறு வாசல் கிடைக்கப்போவதில்லை. அவருக்கும் இனி எத்தனை நாள் வண்டியேறி வர முடியும்? கணவர் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரி, பொங்கட்டும்" என்று அடுப்பைத் திருகிப் பெரிதாக வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் செக்யூரிட்டியின் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரவென்று பேசியது.

"மெயின் கேட்டு, மெயின் கேட்டு. பின்னால பொடக்காலிக் கேட்டுல இருந்து பேசறனுங்க."

"சொல்லு தம்பி."

"இங்க ஒரு பெரியவரு காலைல இருந்து நின்னுட்டு ரகள பண்றாருங்க. பில்லு கேட்டா இல்லீங்கறாரு. குட்டியானைல அண்டா குண்டா, வாழத்தாரு, கூட மோளக்காரங்க வேற. எந்தக் கம்பெனி டெலிவரின்னு கேட்டா, என்ற தங்கச்சி ஊட்டுக்குங்கறாரு. தங்கச்சி ஊடு எதுங்கன்னா, இதுதான்டா, கண்ணு தெரியலியாங்கறாரு. ஊட்டுக்காரியோட அண்ணன ரோட்டுல நிக்க வெப்பியான்னு சத்தம் போடறாருங்க. என்னங்க பண்றது?"

செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். நான் அங்கே இல்லை. ஓடிக்கொண்டிருந்தேன்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரோரமாக ஓடினேன். இந்த வயசில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு! பின்னால் மகள், "அம்மா, பால் பொங்கிருச்சு! அம்மா!" என்று கத்துகிறாள். "செருப்பு, செருப்பு!" என்று கணவர் கத்துகிறார். வெறுங்காலில்தான் ஓடுகிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. சுவர் முடிகிறதாக இல்லை. எத்தனை பெரிய கட்டடத்தை வாங்கித் தொலைத்திருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மூச்சு மட்டும் வரவில்லை.

சுவர் திரும்புகிற இடத்தில் சென்னிமலை ரோட்டைப் பார்த்தபடி இருந்தது அந்தப் பின் கேட். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, தோளில் துண்டு, நெற்றி முழுக்க வியர்வை. இரண்டு கையிலும் சேலையும் தேங்காயும் வைத்த தாம்பாளம். அதைக் கீழே வைக்காமலேயே அண்ணன் கேட்டுப் பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற நங்கை என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டார்.

"போனு பண்ணலாம்னா உட மாட்டீங்கறாரு அம்மிணி! என்ற போனயும் புடுங்கி வண்டிக்குள்ள போட்டுட்டாரு. சீரு கொண்டு போறவன் வழி கேட்டுட்டா போவாங்கறாரு!"

அண்ணன் திரும்பினார். மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தார். கலைந்த தலை, புழுதிக் கால், ஆரத்தித் தட்டு இல்லாத வெறுங்கை.

"ஏனம்மிணி, இத்தாச்சோட்டு ஊடு வாங்கிருக்கறயே, வாசல் எந்தப் பக்கம்னு உன்ற நங்கைகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டயா?"

நான் நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதேன். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அழுகறத அப்பறம் வெச்சுக்கலாம்" என்றார் அண்ணன். தாம்பாளத்தை என் பக்கம் நீட்டினார். "தட்டத்தப் புடி கண்ணு. காலைல இருந்து தூக்கீட்டு நிக்கறேன், கை வலிக்குது."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.